ஒரு கட்டிலுக்கு ஒரு போர்வை

பெத்தியா கலியாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று, வந்தவர்கள் அவளைப் பார்த்ததைவிடக் கட்டிலைப் பார்த்ததுதான் அதிகம். முன்னறையில், கணப்புக்கு எதிரே, நாலு தூண் வைத்த பெரிய கட்டில் போட்டிருந்தது. அதன் மேல் ஒரு விரிப்பு. முரட்டுத் துணியில் கம்பளி நூலை ஊசியால் கோத்துக் கோத்துச் சுருள் சுருளாக நிறுத்தி, அடித்துணி கண்ணுக்கே தெரியாமல் மூடிய கனத்த விரிப்பு. கருநீலத்தில் வெளிர்நீலக் கொடிகள் கால்மாட்டிலிருந்து எழும்பி, தலைமாடு வரைக்கும் போய்ப் பூத்திருந்தன. யார் உள்ளே வந்தாலும் முதலில் கண்ணில் படும்படி தலைமாட்டில் எம், டி என்று இரண்டு பெரிய எழுத்து. அதற்குக் கீழே 1754.

எம் என்றால் மெர்சி. டி என்றால் டென்னிங். ஆசகேல் டென்னிங்கின் முதல் மனைவி. அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"என்ன வேலைப்பாடு பாத்தியா!" என்றாள் பக்கத்துப் பண்ணைக்காரி. "ஆத்துக்கு இந்தப் பக்கம் இப்படி ஒண்ணு கிடையாது. குடுத்து வச்சவ நீ."

பெத்தியாவும் வெறுங்கையோடு வரவில்லை. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்த ஊர்க் கணக்கில் கலியாண வயது தாண்டியவள். மனைவியை இழந்த மனிதர் பெண் கேட்கிறார் என்றதும் அவளுடைய அக்கா ஜெரூஷா உடனே போர்வை தைக்கிற மரச்சட்டத்தைக் கட்டிவிட்டாள். மெருகேற்றிய அவுரி நீலத் துணி மேலே, மஞ்சள் கம்பளி கீழே, நடுவில் சிக்கெடுத்த ஆட்டுமயிர். பெத்தியாவும் ஜெரூஷாவும் இன்னும் நாலு பெண்களும் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசிச் சிரித்துத் தைத்தார்கள். தையல் கோலத்தில் நடுவில் மாதுளை. சுற்றிலும் இறகு வரிசை. ஆசகேல் கட்டிலின் அளவை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தார். கால்மாட்டில் தூண் நிற்க இரண்டு மூலையையும் வெட்டி விட வேண்டும். அதிலும் வலது பக்கத் தூண் ஒரு தடவை பிளந்துபோய் வேறு பருமனான மரம் வைத்திருந்ததால், அந்த மூலையை மட்டும் நாலு விரல் கூடுதலாக வெட்டச் சொல்லியிருந்தார். இத்தனை சரியாக அளவு சொல்லி அனுப்புகிற மனிதர் அக்கறையுள்ளவராகத்தான் இருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

முதல் நாள் பெத்தியா நீலப் போர்வையை விரிக்கப் போனாள். ஆசகேல் அவள் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கினார்.

"நல்லாத்தான் தச்சிருக்கீங்க," என்றார். "ஆனா கட்டில் ஒண்ணுதானே. ஒரு கட்டிலுக்கு ஒரு போர்வை போதும்."

"அதை மாத்தி இதைப் போடலாமேன்னு..."

"அதுக்கென்ன குறை?"

போர்வையை அழகாக மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில் இருந்த வளையத்துக்குப் போய்விட்டது.

ஆசகேல் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். குரலைக்கூட உயர்த்த மாட்டார். தேவாலயத்தில் அவருக்கு முன்வரிசை. பெத்தியாவுக்கும் முதல் சில மாதம் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி அந்த விரிப்பின் பாரம் மட்டும் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஈரக் காலத்தில் அது தண்ணீரைக் குடித்து இரண்டு பங்கு கனக்கும். திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். விடியற்காலையில் கண் திறந்தால் தாடைக்குக் கீழே எம், டி.

முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் மாவு புளிக்க வைக்க நுரை வாங்கி வரலாமென்று பக்கத்துப் பண்ணைக்குப் போனாள். பேச்சு வாக்கில் நேரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது ஆசகேல் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல ஆள் இல்லியே," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவளுடைய செருப்பைக் காணோம். கேட்டதற்கு, "அடி தேஞ்சிருந்துச்சு, தைக்கக் குடுத்திருக்கேன்," என்றார். நாலு நாள் கழித்து வந்தது. அடி தேய்ந்த மாதிரியேதான் இருந்தது. அடுத்த வாரம் மறுபடியும் காணோம். அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். காட்டில் மரம் வெட்டப் போகும்போது, தன் சாப்பாட்டுப் பையோடு அவள் செருப்பையும் சறுக்கு வண்டியில் போட்டுக்கொண்டு போவார். சாயங்காலம் கொண்டு வந்து அடுப்போரம் வைப்பார்.

"அதை எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?" என்று ஒரு தரம் கேட்டாள்.

"நீதான் எங்கயும் போகலியே. உனக்கு எதுக்கு?"

கோடையில் எல்லாப் பெண்களையும் போல அவளும் வெறுங்காலோடுதான் திரிந்தாள். ஆனால் கோடையில் அவர் வீட்டை ஒட்டிய வயலில்தான் வேலை செய்வார். நிமிர்ந்தால் வாசல் தெரியும். ஓய்வுநாள் வந்தால் அவரே செருப்பை எடுத்து வந்து, குனிந்து அவள் காலில் மாட்டி, கொக்கியைப் போட்டுவிடுவார். ஒருநாள் வாசல் வழியாகப் போனவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். "உனக்கென்னடி, ராணி மாதிரி," என்று தேவாலயத்து வாசலில் பெண்கள் அவளைக் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். என்ன சொல்வாள்? என் வீட்டுக்காரர் என் செருப்பை எடுத்துக்கொண்டு போகிறார் என்றா? சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

அஞ்சு வருஷம் போயிற்று. குழந்தை தங்கவில்லை. அக்கா வீடு ஆற்றுக்கு அந்தக் கரையில், அரை நாளுக்கு மேல் நடை. அந்த அஞ்சு வருஷத்தில் பெத்தியா அங்கே போனது ஒரு தடவை. அதுவும் ஆசகேலோடு போய், ஆசகேலோடு திரும்பினாள்.

அறுபத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் வெளியூர்ப் பாதிரியார் ஒருவர் வந்து ஓர் இரவு தங்கினார். மாடியில் தரையில் விரித்த படுக்கைக்குப் போர்வை போதாமல் ஆசகேல் பெட்டியைத் திறந்து நீலப் போர்வையை எடுத்துக் கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது பாதிரியார் பெத்தியாவிடம், "உங்க அக்கா ஊர் வழியாத்தான் வந்தேன்மா. நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமா படுத்த படுக்கையா இருக்கா. தங்கச்சி ஒரு தரம் வந்து பாக்க முடியுமான்னு கேக்கச் சொன்னா," என்றார்.

"போகட்டும், போகட்டும்," என்றார் ஆசகேல், சோளக் கூழைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே. "ஆறு நல்லா உறையட்டும்."

மறுநாள் பாதிரியார் கிளம்பிப் போனதும் பெத்தியா கேட்டாள். "நான் போயி அக்காவைப் பாத்துட்டு வந்துடறேனே. ரெண்டே நாள்."

"பனி இளகுது."

"போன வாரம்தானே மாட்டைப் பூட்டி அக்கரைக்குப் போயிட்டு வந்தீங்க?"

"அது போன வாரம்." ரொட்டியை நிதானமாக வெட்டினார். "உனக்கு இங்க என்ன குறை, பெத்தியா? வாயைத் திறந்து சொல்லு. இருந்தா சரி பண்ணிடறேன்."

அவள் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு எரிகிறது. பத்தாயத்தில் சோளம் இருக்கிறது. உத்தரத்தில் பன்றிக்கறி தொங்குகிறது. கட்டிலில் ஊரே பார்த்து வியக்கிற விரிப்பு. எதைக் குறை என்று சொல்வது?

அவர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினார். செருப்பை எடுத்துக்கொண்டார். "பாதிரியாருக்குப் போட்ட போர்வையை வெயில்ல காயப்போடு. சாயந்தரம் வந்து பெட்டியில வச்சிடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெத்தியா போர்வையை வேலியில் விரித்தாள். நல்ல வெயில். பனி கண்ணைக் கூசவைத்தது. மெருகேற்றிய துணி, ஆழமான கிணற்றில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் மினுங்குமே, அப்படி மினுங்கியது. அஞ்சு வருஷம் பெட்டியில் கிடந்தும் ஒரு தையல் விட்டுப்போகவில்லை. எந்த இறகு ஜெரூஷா தைத்தது, எது தான் தைத்தது என்று அவளுக்கு இப்போதும் தெரிந்தது. ஜெரூஷாவின் தையல் எப்போதும் கொஞ்சம் நெருக்கம். வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். உள்ளங்கால் பனியில் சுட்டது. அப்புறம் போர்வையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்க் கத்திரிக்கோலை எடுத்தாள்.

முதல் வெட்டுக்குத்தான் கை வரவில்லை. அதன் பிறகு வேகம் வந்துவிட்டது. குறுக்கே இரண்டாக வெட்டினாள். இரண்டு துண்டின் மேல்விளிம்பையும் கொசுவி, கட்டில் திரையின் நாடாவை அறுத்து இடுப்புக்குத் தைத்தாள். இரண்டு பாவாடை ஆயிற்று. வெட்டின கழிவை நாலாக மடித்து, பழைய சேணத்தோலை அடியில் வைத்து இரண்டு காலுக்கும் உறை தைத்தாள். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கிளம்புமுன் கட்டிலைச் சரி செய்தாள். அது ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. விரிப்பை இழுத்துவிடும்போது கை அப்படியே நின்றுவிட்டது. இந்தச் சுருள்களை ஒவ்வொன்றாக நிறுத்த மெர்சிக்கு மூன்று குளிர்காலம் ஆயிற்றாம். ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். மூன்று குளிர்காலம் ஒரு பெண் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே போக முடிந்தவள் அப்படி உட்கார்ந்திருப்பாளா? ஒரு பாவாடை மேல் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி நடந்தாள்.

ஆற்றுக்கு வந்தபோது பிற்பகல். பனிக்கட்டி மேலே ஒரு விரல் தண்ணீர் நின்றது. ஆசகேல் சொன்னது முழுப் பொய் இல்லை. காலடியில் எங்கேயோ தூரத்தில் மரம் முறிகிற மாதிரி சத்தம் வரும், நிற்பாள், மறுபடி நடப்பாள். நடு ஆற்றில் கால் உறை நனைந்து ஈயக்குண்டாகிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் ஓடாது என்று பயந்தாள். அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது நன்றாக இருட்டிவிட்டது.

ஜெரூஷா போர்வைக் குவியலுக்குள்ளிருந்து தலையைத் தூக்கினாள். "வந்துட்டியா? அவரு எங்க?"

"நான் மட்டும்தான்."

"செருப்பு எங்கடி?"

பெத்தியா தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையின் நடுவில்தான் முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் அதைச் சொன்னாள்.

ஜெரூஷா பிழைத்துக்கொண்டாள். பெத்தியா திரும்பிப் போகவில்லை. பங்குனி வெயிலில் பனியெல்லாம் உருகிப் பாதை சேறாகிக் கிடந்தபோது, ஆசகேல் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டார். தம் மனைவி பெத்தியா தம் கட்டிலையும் சாப்பாட்டு மேசையையும் விட்டு ஓடிப்போய்விட்டாள், நீலப் போர்வை ஒன்றையும் தூக்கிப் போயிருக்கிறாள், அவளுக்கு யாரும் இடம் தர வேண்டாம், கடன் தர வேண்டாம் என்று. ஓடிப்போன அடிமைகளையும் தொலைந்துபோன குதிரைகளையும் பற்றிய அறிவிப்புகளுக்கு நடுவில் அது வந்திருந்தது. ஜெரூஷாவின் புருஷன் மைக்கா அதைப் படித்துக் காட்டும்போது தொண்டையைச் செருமிக்கொண்டே படித்தான்.

பத்து நாள் கழித்து ஊர்க்காவலர் வந்தார். தடித்த மனிதர். சேற்றில் நடந்து வந்ததில் அவருக்கு மூச்சு இளைத்தது.

"பெத்தியா டென்னிங் நீதானேம்மா? உன் வீட்டுக்காரர் எழுதிக் குடுத்திருக்காரு. நீலப் போர்வை, கட்டில்ல போடறது, ஒண்ணு. சட்டப்படி அது அவரு சொத்து. குடுத்துடு, நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"நான் தச்சதுங்கய்யா அது."

"நீயும்தாம்மா அவரு சொத்து. நான் என்ன பண்ண?"

"போர்வை எதுவும் இல்ல. தேடிப் பாத்துக்குங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார், பரணைப் பார்த்தார், பிள்ளைகள் படுக்கையைப் புரட்டினார். "கோழிக்கூண்டை விட்டுட்டீங்களே," என்றாள் ஜெரூஷா. "அதையும் பாத்துட்டா மனசு ஆறும்."

திரும்பி வந்தவர் பெத்தியாவின் முன்னால் நின்றார். அவள் பாவாடையைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தரம் பார்த்தார்.

"இறகெல்லாம் படுத்துக்கிட்டு இருக்கே?"

"எனக்கு அப்படித்தான் பிடிக்கும்."

"பாதி மாதுளை வேற இருக்கு."

அவர் தாளை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் படித்தார். "போர்வைன்னுதான் எழுதியிருக்கு. பாவாடைன்னு எழுதல. பொம்பளை இடுப்புலேர்ந்து உருவிட்டு வந்தான்னு என் வீட்டுக்காரி காதுல விழுந்தா, இந்த வருஷம் பூரா நான் வைக்கப்போர்லதான் படுக்கணும்." தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். வாசலில் நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டவர், குரலைத் தணித்துச் சொன்னார். "ஒண்ணு சொல்றேன்மா. போர்வை இல்லேன்னு நான் எழுதிடுவேன். பெண்டாட்டி இல்லேன்னு என்னால எழுத முடியாது."

அந்தப் பேச்சின் அர்த்தம் போகப் போகத்தான் பெத்தியாவுக்கு விளங்கியது. மைக்காவின் வீட்டில் ஆறு பிள்ளைகள். மூன்று பெண்களோடு ஒரே கட்டிலில் அவளும் படுத்தாள். பின்கட்டில் சட்டத்தைக் கட்டி, கலியாணப் பெண்களுக்குப் போர்வையும் பாவாடையும் தைத்துக் கொடுத்தாள். அவள் வரைகிற இறகுக்கு ஆற்றங்கரை முழுக்கப் பெயர் வந்துவிட்டது. ஆனால் கூலியை மைக்காதான் வாங்க வேண்டும். அவள் வாங்கினால் அது ஆசகேலுடையது. ஊர் நடுவில் நெசவுக்காரர் வீட்டு மாடியறை காலியாயிற்று. வடக்குப் பார்த்த ஜன்னல். தைப்பதற்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. பெத்தியா போய்க் கேட்டாள்.

"எனக்குத் தர ஆசைதாம்மா," என்றார் நெசவுக்காரர். "ஆனா நீ ஒருத்தர் பெண்டாட்டி. உன் கையெழுத்து செல்லாது. உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லு."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அதுதான் முறை. பெத்தியா அந்த ஜன்னலை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

இப்படியே மூன்றரை வருஷம் போயிற்று. அறுபத்தொன்பதாம் வருஷம் ஆடி வெயிலில் ஒரு தாள் வந்தது. மனைவி விட்டுப்போய் மூன்று வருஷம் தாண்டிவிட்டதால் இந்தக் கலியாணத்தை முறித்துத் தர வேண்டும் என்று மேல் நீதிமன்றத்தில் ஆசகேல் மனுப் போட்டிருந்தார். செப்டம்பரில் விசாரணை.

ஜெரூஷா அதைக் கேட்டதும் கையில் இருந்த வெண்ணெய் கடையும் கட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டாள். "குற்றம் உன் பேர்லயே இருக்கட்டும்டி. பங்கு கிடைக்கலேன்னா போகட்டும், யாருக்கு வேணும் அவரு கொட்டகை? நீ உன் பாட்டுக்கு இருப்பே. மாடியறை இன்னும் காலியாத்தான் கிடக்கு."

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப என்ன அவசரமாம்?"

"வேறென்ன? யாரையோ கட்டிக்கப் போறாரு. மகராசனா கட்டிக்கட்டும்."

பெத்தியாவும் சிரித்தாள். அந்த ராத்திரி, மூன்று பெண்களின் முழங்கால் முதுகில் இடிக்க, வடக்கு ஜன்னலின் கீழ் சட்டத்தை எந்தப் பக்கமாகப் போடுவது என்று யோசித்தபடியே தூங்கிப்போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயசிருக்கும். உயரம். கன்னத்தில் வெயில் பட்ட புள்ளிகள். பேர் லோயிஸ் என்றாள். கலியாணப் போர்வை தைக்க வேண்டுமாம்.

"கட்டில் அளவு கொண்டாந்தியா?"

லோயிஸ் பையிலிருந்து ஒரு முடிச்சுக் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். பெத்தியா அதை மேசையின் ஓரமாக நீட்டிப் பிடித்தாள்.

"கால்மாட்டுல மூலை ரெண்டும் வெட்டணும்," என்றாள் லோயிஸ். "வலது பக்கத்துல மட்டும் நாலு விரல் கூட. அங்க தூண் பருமனாம்."

பெத்தியாவின் கை கயிற்றோடு அப்படியே நின்றது.

"நீங்க யாருன்னு தெரிஞ்சுதான் வந்தேன், டென்னிங்கம்மா," என்றாள் லோயிஸ். முகம் சிவந்துவிட்டது. "வீட்டுல சொல்லாம வந்திருக்கேன். உங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேளு."

"அவரு அடிப்பாரா?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"இல்ல."

"வேற பொம்பளைங்க..."

"சே, சே. அதெல்லாம் கிடையாது."

லோயிஸ் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. "எங்கப்பாவும் அதேதான் சொன்னாரு. வீடு நிறைய இருக்கு, கெட்ட பழக்கம் இல்ல, வாய் அதிர்ந்து பேச மாட்டாருன்னு. ஊருல ஏதேதோ பேசறாங்களே, அதான் எனக்கு மனசு கேக்கல."

கேட்டதற்கெல்லாம் பெத்தியா உண்மையைத்தான் சொன்னாள். இதோடு வாயை மூடிக்கொண்டால் போதும். பெண் நிம்மதியாகப் போய்விடுவாள். செப்டம்பர் வரும். மாடியறை வரும். பெத்தியா கயிற்றைச் சுற்றத் தொடங்கினாள். துணி என்ன நிறம் வேண்டும் என்று கேட்க வாயெடுத்தாள்.

"உன் செருப்பை எடுத்துட்டுப் போயிடுவாரு," என்றாள்.

"என்னது?"

"காட்டுக்குப் போறப்ப. சாப்பாட்டுப் பையோட சேத்து."

லோயிஸ் சிரித்துவிட்டாள். "எதுக்கு?"

"நீ வீட்டுல இருக்கணுமில்ல, அதுக்கு."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னதை இப்போது அழாமல் சொன்னாள். ஓய்வுநாளில் குனிந்து கொக்கி போட்டதை, பெட்டிச் சாவியை, விடியற்காலையில் தாடைக்குக் கீழே இருந்த எழுத்தை, "உனக்கு என்ன குறை" என்று அவர் ரொட்டி வெட்டியதை. லோயிஸின் முகத்தில் சிரிப்பு எந்த இடத்தில் போயிற்று என்று அவள் கவனிக்கவில்லை. முடித்தபோது அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள்.

"நீங்க வேணும்னே சொல்றீங்க," என்றாள். "நீங்க விட்டுட்டு வந்த இடத்துல வேற ஒருத்தி வரப் பொறுக்கல."

"நீ அங்க போனாத்தான்மா எனக்கு விடுதலை," என்றாள் பெத்தியா. "யோசிச்சுப் பாரு."

லோயிஸ் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அவள் வாசலைத் தாண்டியதும் பெத்தியா கையில் கிடைத்த தையல் விரலுறையைச் சுவரில் விட்டெறிந்தாள். அது உருண்டு பத்தாயத்துக்கு அடியில் போய்விட்டது. அப்புறம் அரை மணி நேரம் மண்டியிட்டு அதைத் தேடினாள்.

ஜெரூஷாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பைத்தியமாடி நீ? கதவு திறந்தே கிடக்கு, நீயா உள்ளேர்ந்து தாழ் போட்டுக்கறியே!"

"ஒருவேளை அவ நம்பியிருக்க மாட்டா."

"நம்பாமலே போகட்டும் கடவுளே," என்றாள் ஜெரூஷா. பெத்தியாவும் மனசுக்குள் அதையே வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டதற்காக வெட்கப்பட்டாள். மறுநாளும் வேண்டிக்கொண்டாள்.

என்ன நடந்தது என்று ஆகஸ்ட் கடைசியில் ஒரு துணி வியாபாரி வந்து சொன்னான். லோயிஸ் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஆசகேல் வந்திருக்கிறார். அந்தப் பெண் தன் அப்பா முன்னாலேயே, "கலியாணத்துக்கப்புறம் என் செருப்பு எங்க இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா சிரித்திருக்கிறார். ஆசகேல் சிரிக்கவில்லை. "நீ எங்க போகணும்?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். பெண் எழுந்து உள்ளே போனவள், எத்தனை கூப்பிட்டும் வெளியே வரவில்லையாம். "ஒரு செருப்புக்காக நல்ல சம்பந்தத்தை விட்டுட்டாங்க," என்று வியாபாரி தலையை ஆட்டினான்.

இருந்தாலும் பெத்தியா விசாரணை நாளன்று மன்றத்துக்குப் போனாள். அறிவிப்புத்தாள் வந்த பிறகு போகாமல் இருக்க முடியாது. ஜெரூஷாவும் கூட வந்தாள். இரண்டு பேரும் காலையிலிருந்து நின்றார்கள். பிற்பகலில் ஆசகேல் டென்னிங் என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. எழுத்தர் தாளில் ஒரு கோடு இழுத்தார்.

"அவ்வளவுதானா?" என்றாள் பெத்தியா.

"மனுப் போட்டவரு வரலியேம்மா."

"நான் வந்திருக்கேனே. நான் கேக்கக் கூடாதா?"

"நீதானே விட்டுட்டுப் போனவ. நீ எதைச் சொல்லிக் கேப்பே?"

"அப்ப நான் இனிமே யாரு?"

எழுத்தர் வயசானவர். எரிந்து விழவில்லை. "நேத்து யாரா இருந்தியோ அவதாம்மா," என்றார். அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் ஜெரூஷா திட்டிக்கொண்டே வந்தாள். ஓடத்துறைக்கு வந்தபோது அவளுக்கும் மூச்சு வாங்கியது. ஓடம் அக்கரையில் நின்றது. இரண்டு பேரும் கரையில் ஒரு கட்டை மேல் உட்கார்ந்தார்கள். ஜெரூஷா பையிலிருந்து பாலாடைக்கட்டியை எடுத்து முறித்துப் பெரிய துண்டைத் தங்கைக்குக் கொடுத்தாள்.

"பொய் சொல்லச் சொல்லலடி உன்னை. சும்மா இருந்திருந்தாப் போதுமே."

"ஆமா. போதும்."

"அப்புறம் ஏன்டி?"

பெத்தியா மென்றுகொண்டே யோசித்தாள். மெர்சியைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். அது சரியாக வரவில்லை. "தெரியலக்கா," என்றாள். "வாயிலேர்ந்து வந்துடுச்சு."

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு."

ஜெரூஷா மீதிப் பாலாடைக்கட்டியையும் அவள் மடியில் வைத்தாள்.

ஆசகேல் டென்னிங் அதற்கப்புறம் பதினொரு வருஷம் திடகாத்திரமாக இருந்தார். வேறு யாரும் அவருக்குப் பெண் கொடுக்கவில்லை. பெத்தியாவை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாடியறைக்கு ஒரு தொப்பி தைக்கிறவன் குடிவந்தான். லோயிஸ் அடுத்த வசந்தத்தில் மேற்கே ஒரு பீப்பாய் செய்கிறவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று கேள்வி. அவள் பெத்தியாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. தன்னை நினைத்துக்கொண்டாளா என்றும் பெத்தியாவுக்குத் தெரியாது. மன்றத்திலிருந்து வந்த மறுநாள் காலை பெத்தியா அக்காவின் மூன்று பெண்களுக்கும் தலை பின்னிவிட்டாள். பின்கட்டில் அரைகுறையாக நின்றிருந்த பாவாடையை முடித்து, அன்று சாயங்காலமே மைக்காவிடம் கொடுத்தனுப்பினாள்.